பரண்மேல் கிடக்கும் வடசென்னை

பெருநகர சென்னை மாநகராட்சியின் வணக்கத்துக்குரிய மேயர் அவர்களுக்கும், மாமன்ற உறுப்பினர்களுக்கும், குறிப்பாகத் திருவொற்றியூர், மணலி, தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் கவுன்சிலர்களுக்கும்,

வணக்கம்.

உங்களுக்கு வரும் மனுக்களில் பாதி மழைநீர் வடிகாலைப் பற்றியும் மீதி தெருவிளக்கைப் பற்றியும் இருக்கும். நான் கேட்கப்போவது வேறு. வடசென்னையில் ஒவ்வொன்றாக மூடப்பட்ட லோக்கல் கேபிள் சேனல்களின் கேசட்டுகள் யார் யார் வீட்டுப் பரணிலோ கிடக்கின்றன. அவற்றை மாநகராட்சி வாங்கி, டிஜிட்டலில் ஏற்றி, பத்திரமாக வைக்க வேண்டும்.

டி.வி. சமாச்சாரம் எங்கள் தலையில் ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் கட்டடத்தின் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1924இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முயற்சியில் சென்னையில் ஒரு ரேடியோ கிளப் தொடங்கியது. பணமுடையால் 1927இல் அது நின்றுபோக, கருவிகள் மாநகராட்சியின் கைக்கு வந்தன. 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் மாளிகையிலிருந்து மாநகராட்சியே வானொலி நடத்தியது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும்வரை, எட்டு வருஷம், இந்த ஊரின் ஒலிபரப்பாளர் நீங்கள்தான். ரேடியோ பெட்டி வாங்க வசதி இல்லாதவர்களும் கேட்கட்டும் என்று பொது இடங்களில் ஒலிபெருக்கி கட்டினார்கள். மெரினாவில் ஒன்று, ராயபுரம் ராபின்சன் பூங்காவில் ஒன்று. 1949இல் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த அதே பூங்காதான்.

அந்த எட்டு வருஷத்தில் பாடியவர், பேசியவர் யாருடைய குரலையாவது இன்று போட்டுக்காட்ட உங்களிடம் ஒரு ஒலிப்பதிவு இருக்கிறதா? குத்திக்காட்டக் கேட்கவில்லை. ஒலிபரப்பு முடிந்ததும் காற்றோடு போய்விடும் என்பதுதான் அந்தக் காலத்து நிலைமை. நம் காலத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது. நம்மிடம் கேசட் இருக்கிறது.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி வந்ததும், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க டி.வி. இருக்கும் வீட்டுத் திண்ணையில் தெருவே கூடியதும் எல்லோரும் எழுதித் தீர்த்த கதை. அந்த நிலையத்தின் சரக்கு டெல்லியின் பொறுப்பு. அதற்கு வேறு ஆட்கள் மடல் எழுதுவார்கள். எனக்குக் கவலை, யாருடைய பொறுப்பும் இல்லாமல் போனதைப் பற்றி.

தொண்ணூறுகளில் வடசென்னையின் கேபிள்காரர்கள் தங்கள் கன்ட்ரோல் ரூமிலேயே சின்னச் சின்னச் சேனல்களைத் தொடங்கினார்கள். அதற்குப் பெரிய ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு வி.சி.ஆர்., அதன் படத்தைக் கேபிளில் ஏற்றிவிடும் மாடுலேட்டர் ஒன்று, வயரில் காலியாக இருக்கும் ஒரு அலைவரிசை, அவ்வளவுதான். நான் அப்படிப்பட்ட ஒரு சேனலில் கேமரா பிடித்தவன். ஸ்டூடியோ என்று நாங்கள் சொன்னது மளிகைக் கடைக்கு மேலே ஒற்றை அறை. சுவரில் நீலத் துணி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, நடுவில் ஒரு ஸ்டூல், அதன்மேல் பிளாஸ்டிக் பூ. ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்பதால் ரெக்கார்டிங் தொடங்கும்போது ஃபேனை நிறுத்திவிடுவோம். மே மாதத்தில் பேட்டி கொடுத்த ஒருவர்கூட வேர்க்காமல் எழுந்ததில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விட்டால் அதுவும் நிகழ்ச்சியில் சேர்ந்துவிடும். உங்கள் மன்றத்தில் இன்று மூத்தவர்களாக இருக்கும் சிலர் முதன்முதலில் கேமரா முன்னால் உட்கார்ந்து வேர்த்தது இப்படியொரு நீலத் துணிக்கு முன்னால்தான் இருக்கும்.

என்ன காட்டினோம்? மதியம் ஒரு படம், அதில் பாதி உரிமை வாங்காதது, அதை மறைப்பானேன். ஆனால் மாலையில் தெரு வந்துவிடும். திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலின் மாசித் திருவிழா, மகிழடி சேவை. வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் வெறுங்காலோடு ஆடிய ஃபுட்பால். சந்துக்குள் பந்தல் போட்டு விடிய விடிய நடந்த கேரம் போட்டி. சாவு வீட்டில் பாடிய கானா. கீழே ஓடும் எழுத்துகளில் தண்ணீர் லாரி வரும் நேரம், ரேஷனில் மண்ணெண்ணெய் போடும் நாள், காணாமல்போன பாட்டியின் புடவை நிறம், கண்ணீர் அஞ்சலி.

பெரிய சேனல்களின் கேமராவும் எங்கள் பக்கம் வந்ததுண்டு. 2004 டிசம்பரில் சுனாமிக்கு வந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டி, அதை ஜனங்கள் பக்கெட்டால் அள்ளியபோது வந்தது. வெட்டு, குத்து என்றால் சொல்லவே வேண்டாம், உடனே வரும். நல்லதுக்கும் வந்தது, 2024இல் நம் காசிமா அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்று திரும்பியபோது. அதற்கு முந்தைய முப்பது வருஷமாக இந்தச் சந்துகளில் ஸ்ட்ரைக்கர் சுண்டிய பிள்ளைகளின் முகத்தை யார் எடுத்தார்கள்? வியாசர்பாடியிலிருந்து கிளம்பி இந்திய அணிக்கே ஆடிய தனபால் கணேஷுக்கு முன்னால் அந்த மைதானத்தில் ஆடிய அண்ணன்மார்களை யார் எடுத்தார்கள்? தோளில் கேமராவும் கையில் வீடியோ லைட்டுமாக நின்றது லோக்கல் சேனல்காரன் மட்டும்தான்.

ஒரு கேசட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மீனவர் குப்பம் ஒன்றின் அம்மன் திருவிழா. சாமி கடற்கரைக்குப் போகிறது. நான் எடுத்தது அம்மனை. பின்னால் இருப்பதைக் கவனிக்கவே இல்லை. சமீபத்தில் அதைப் போட்டுப் பார்த்தபோது கண் பின்னாலேயே போனது. அம்மனுக்கும் அலைக்கும் நடுவில் அகலமாக மணல். கட்டுமரங்கள் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன, அதற்கு அப்பால் வலை காய்கிறது, அதற்கும் அப்பால் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். இன்று அந்த இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறது, கல்லில் அலை அடிக்கிறது. துறைமுகம் கட்டிய நாளிலிருந்து அதற்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று கரையைக் கடல் தின்றுகொண்டே வருவதை நிபுணர்கள் வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த வரைபடத்தில் கோடுதான் இருக்கும். அந்தக் கரையில் கிரிக்கெட் ஆடினார்கள் என்பதற்கு என் கேசட் சாட்சி.

இப்படி இன்னும் எத்தனை? பெரம்பூர் பி அண்ட் சி மில் 1996இல் மூடியது. கேபிள் கேமராக்கள் தெருவுக்கு வந்திருந்த காலம் அது. 1918இல் நாட்டின் முதல் தொழிற்சங்கம் எழக் காரணமான மில்லின் வாசல், கடைசி நாட்களில் எப்படி இருந்தது என்று யாராவது எடுத்திருக்கக்கூடும். எடுத்திருந்தால், அது எந்தப் பரணில்?

சேனல்கள் ஏன் மூடின என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003 செப்டம்பரில் நாட்டிலேயே முதலாகச் சென்னையில்தான் கட்டணச் சேனலுக்குப் பெட்டி வைக்கும் முறை வந்தது. அப்புறம் முழு டிஜிட்டல். நான்கு பெருநகரங்களுக்கும் 2012 அக்டோபர் 31 கெடு. இங்கே வழக்குகளால் சில காலம் இழுத்தது. முடிவு ஒன்றுதான். சிக்னல் பெரிய நிறுவனத்தின் இடத்திலேயே பூட்டப்பட்டு வருகிறது, தெருக் கேபிள்காரர் நடுவில் தன் சேனலைச் சொருக முடியாது. அங்கே இடம் கேட்டால் மாதக் கட்டணம். மளிகைக் கடை மாடிக்கு அது கட்டுப்படியாகுமா? மிச்சத்தை செல்போன் பார்த்துக்கொண்டது.

சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. உள்ளூர் சேனல்களுக்கு ஒன்றிய அரசு 2022 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறையின்படி ஒரு சேனலுக்குப் பதிவுக் கட்டணம் வெறும் ஆயிரம் ரூபாய். நல்ல விஷயம். ஆனால் ஒளிபரப்பியதன் பதிவை 90 நாள் வைத்திருந்தால் போதும். தொண்ணூற்று ஒன்றாம் நாள் அழித்தால் கேட்க ஆளில்லை. புகார் வந்தால் விசாரிக்க அது போதும். ஊரின் ஞாபகத்துக்கு எப்படிப் போதும்?

எங்கள் சேனல் மூடியதும் மேஜை, மிக்ஸர், மானிட்டர் எல்லாம் காயலான் கடைக்குப் போயின. கேசட்டை அவர்களும் எடுக்கவில்லை. பிளாஸ்டிக்குக்கு விலை இல்லையாம். அதனால்தான் அவை பிழைத்தன. ஆனால் பரண் என்பது அடுப்பங்கரைக்கு மேலே இருக்கும் அடுப்பு மாதிரி. மேலே ஆஸ்பெஸ்டாஸ் சூடு, கீழே சமையல் ஆவி, ஜன்னல் வழியாக உப்புக் காற்று. டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை பிடித்த கேசட்டை ஆர்வக்கோளாறில் அப்படியே வி.சி.ஆரில் போட்டால் ஹெட் வீணாகும், அடுத்துப் போடும் கேசட்டிலும் ஒட்டும். சுத்தம் செய்யத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கைகளுக்கு வயதாகிறது. புது வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசி ஜப்பானியக் கம்பெனியும் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. இருக்கும் மெஷின்களைக் கழற்றி மாட்டித்தான் ஓட்ட வேண்டும்.

எங்கள் தெருக்கோடியில் இட்லிக் கடை போட்டிருக்கும் அக்கா ஒருநாள் கேட்டார். “தம்பி, எங்க வூட்டுக்காரரு கோல் போட்ட மேட்ச்சு ஒண்ணு எடுத்தியே, அது கெடைக்குமா? பேரன் கேக்குறான்.” தேடினோம். கிடைத்தது. முதல் பாதி நன்றாக ஓடியது. அவர் கோல் போட்டது இரண்டாம் பாதியில். அங்கே திரை முழுக்க கோடு. குரல் மட்டும் கேட்டது.

யூடியூபில் போட்டுவிட வேண்டியதுதானே என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். போட்டவர்களும் உண்டு. கணக்கின் பாஸ்வேர்டு மறந்தது, பின்னணியில் ஓடிய சினிமாப் பாட்டால் காப்பிரைட் வந்து வீடியோ முடங்கியது, போட்டவர் காலமானார் என்று ஏதோ ஒன்றில் அது நிற்கிறது. மேலும் எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டிவிட முடியாது. சாவு வீட்டில் அழும் பெண்களை அவர்கள் குடும்பத்தின் சம்மதமில்லாமல் வெளியிடுவது தப்பு. தேதி, இடம் எழுதி, எதைக் காட்டலாம், எதை அந்த வீட்டாருக்கு மட்டும் கொடுக்கலாம் என்று தரம் பிரிக்க ஒரு நிறுவனம் வேண்டும்.

வேறு ஊர்களில் இதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் 1984இல் திறந்த பெரிய வட்டாரத் தொலைக்காட்சி ஸ்டூடியோவை 2005இல் மூடினார்கள். கட்டடம் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்த வட்டாரத்தின் பழைய உள்ளூர்ச் செய்திப் பதிவுகள் பக்கத்து லிங்கன் நகரில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன; பள்ளிப் பிள்ளைகள் முதல் ஆராய்ச்சிக்காரர்கள் வரை கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். அந்நாட்டின் பி.பி.சி.யே அறுபதுகளிலும் எழுபதுகளிலும் டேப் மிச்சம் பிடிக்கத் தன் நிகழ்ச்சிகளைத் தானே அழித்துவிட்டு, பிற்பாடு ரசிகர்களிடமும் வெளிநாட்டு நிலையங்களிலும் பிரதி கேட்டு அலைந்தது. அவர்களுக்குப் பிரதி கிடைக்க வெளிநாடு இருந்தது. தண்டையார்பேட்டை கேரம் போட்டியின் பிரதி எந்த நாட்டில் இருக்கும்?

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2024 மார்ச்சில் தங்கசாலையில் முதலமைச்சர் தொடங்கிவைத்தபோது வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பு 4,181 கோடி ரூபாய். பாலம் வேண்டும், பள்ளி வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும், மறுக்கவில்லை. அந்தத் தொகையில் நாங்கள் கேட்பது கண்ணுக்கே தெரியாது. உங்கள் கட்டடம் ஒன்றில் ஏ.சி. போட்ட ஒரு அறை. பழுது பார்த்த வி.சி.ஆர். நாலைந்து, மினி-டீவி (MiniDV) என்ற சின்ன கேமரா கேசட்டுக்கு இரண்டு பிளேயர், படத்தை ஆடாமல் நிறுத்தும் கருவி, கணினி, நல்ல ஹார்ட் டிஸ்க். வேலைக்கு எங்களைப் போன்ற பழைய கேமராக்காரர்கள் இரண்டு பேர், கற்றுக்கொள்ள இளைஞர்கள் நாலு பேர். ஒரு மணி நேரக் கேசட்டை ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும், அதில் குறுக்கு வழி கிடையாது. அதனால்தான் சீக்கிரம் தொடங்கச் சொல்கிறேன்.

தயவுசெய்து இதற்குக் குழு அமைத்து அறிக்கை கேட்காதீர்கள். அறிக்கை வரும்போது இன்னொரு மழைக்காலம் போயிருக்கும். கொண்டுவருபவரிடம் கேசட்டை வாங்கி ரசீது கொடுக்க முதலில் ஒரு ஆள் போதும், தண்டையார்பேட்டை மண்டல அலுவலகத்தில் ஒரு மேஜை போதும். “பழைய கேபிள் கேசட் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள், இங்கே கொண்டுவாருங்கள்” என்று குப்பை வண்டி மைக்கில் ஒரு வாரம் சொன்னால் ஊருக்கே போய்ச் சேர்ந்துவிடும்.

மாமன்றத்தின் அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்தால் போதும், மற்ற உறுப்பினர்களிடம் பேச நாங்கள் வருகிறோம். மேஜை போட்டதும் முதல் ஆளாக என் கேசட்டுகளை நானே தூக்கிக்கொண்டு வருவேன். கூடவே ஓடுகிற வி.சி.ஆர். ஒன்றும் தருகிறேன். ரிமோட் கிடையாது, பட்டனை அழுத்தித்தான் ஓட்ட வேண்டும்.

இப்படிக்கு,
லோக்கல் சேனலில் கேமரா பிடித்த ஒருவன்,
தண்டையார்பேட்டை