முயல் ரோமத் தொப்பி வாங்கலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய இரண்டு படங்களையும் பார்த்தேன். வயக்காட்டு வேலைக்கு அக்குப்ரா என்ற ஆஸ்திரேலிய நிறுவனத்தின் முயல் ரோமத் தொப்பியா, விலை குறைந்த கம்பளித் தொப்பியா என்று கேட்டிருக்கிறாய். அக்குப்ராவையே வாங்கு கண்ணு.

வேலை பார்த்த காலமெல்லாம் பஞ்சோடும் நூலோடும் கிடந்தவன் நான். இழையை முறுக்கி நூலாக்கி, தறியில் ஏற்றினால்தான் துணி என்பது எங்கள் கணக்கு. இந்தத் தொப்பிகளைச் செய்கிற ஃபெல்ட், ரோமத்தை அப்படியே அழுத்திச் செய்கிற துணி; அதில் நூலும் இல்லை, தறியும் இல்லை. ரோமத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. வெந்நீரும் அழுத்தமும் பட்டால் இழைகள் நகர்ந்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அப்புறம் பிரியாது. கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் துவைத்தால் சுருங்கிப்போவதும் இதனால்தான். பருத்தியில் செதில் கிடையாது, அதனால் இந்த வித்தை அதனிடம் பலிக்காது.

முயலின் மேல்முடி முரடு. அதற்கு அடியில் இருக்கிற மென்ரோமம்தான் தொப்பிக்கு ஆகும். அதைக் காற்றில் ஊதிப் பிரித்து, அழுக்கும் முரட்டு முடியும் போகச் சுத்தம் செய்கிறார்கள். எங்கள் மில்லில் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்கிற புளோரூமில் செய்த அதே வேலை! பிறகு துளை போட்ட பெரிய உலோகக் கூம்பு ஒன்று சுழல்கிறது. உள்ளிருந்து காற்றை இழுக்க, ரோமம் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. வெந்நீரைத் தெளித்துக் கழற்றினால், தொட்டால் கிழிந்துவிடும் போல ஒரு பெரிய கூம்பு கையில் வரும். அதை ஈரத்துணியில் சுருட்டி, சூட்டில் உருட்டி உருட்டி, பாதிக்கும் கீழே சுருக்குகிறார்கள். சுருங்கச் சுருங்க அடர்த்தி ஏறும். எனக்கு அதிசயமாகத் தெரிவது இந்தக் கட்டம்தான். எங்கே நிறுத்துவது என்பது பழகிய கைக்குத்தான் தெரியும்.

சாயம் ஏற்றி, ஆவி காட்டி மர அச்சில் இழுத்து வடிவம் கொடுத்து, உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குகிறார்கள். உள்ளே தோல் பட்டை, வெளியே ரிப்பன். விறைப்புக்குப் பழைய முறையில் அரக்குக் கரைசல் ஏற்றுவார்கள். அரக்கு நம் ஜார்க்கண்ட் காடுகளில் எடுக்கிற பொருள் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

கம்பளியைவிட முயல் ரோமம் மெல்லியது, நெருக்கமாகப் பின்னும். அதனால் எடை குறைவு, மழையில் தொங்கிப்போகாது. நீ கொடுக்கிற காசு அதற்குத்தான்.

இந்தத் தொழிலுக்கு ஒரு கொடுமையான பக்கமும் உண்டு. முன்பு ரோமத்தைப் பக்குவப்படுத்தப் பாதரச உப்பைத் தடவினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுங்கியது, புத்தி தடுமாறியது. அமெரிக்காவில் தொப்பித் தொழிலுக்குப் பேர்போன டேன்பரியில் அந்த நடுக்கத்துக்கு ஊர்ப் பெயரையே வைத்துச் சொன்னார்கள். அங்கே 1941இல்தான் நிறுத்தினார்கள். பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டவர்களைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். இதைப் படித்தபோது மனசு கனத்துப் போச்சு.

நீ இருக்கிற ஆஸ்திரேலியாவுக்கு முயல் வந்த கதையும் தெரிந்துகொள். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டையாட வேண்டும் என்று விக்டோரியாவில் முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை பெருகி மேய்ச்சலையும் பயிரையும் தின்று தீர்த்தன. அந்தத் தொல்லையின் ரோமத்தில்தான் தொப்பித் தொழில் வளர்ந்தது. இரண்டு உலகப் போர்களிலும் அந்நாட்டுச் சிப்பாய்களுக்கு அக்குப்ரா நிறுவனம் தொப்பி செய்து கொடுத்தது. 1974 முதல் அவர்கள் ஆலை நியூ சவுத் வேல்ஸின் கெம்ப்சி ஊரில் இருக்கிறது. உன் பக்கம்தானே?

வாங்கின பிறகு உச்சி மடிப்பைக் கிள்ளித் தூக்காதே, அங்கேதான் முதலில் விரிசல் விடும். விளிம்பைப் பிடித்து எடு. கழற்றினால் தலைகீழாக வை. நனைந்தால் தோல் பட்டையை வெளியே மடித்துவிட்டு நிழலில் காயவிடு. வெயிலில் நிற்கிற காருக்குள் மட்டும் வைக்கவே கூடாது, சுருங்கிவிடும். நிறம் மணல் நிறமாகவே எடு, தூசி தெரியாது. அளவு எடுக்கும்போது டேப்பை இறுக்காதே, நெற்றியில் ஒரு விரல் நுழைகிற தளர்வு இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா