இங்கிலாந்தில் பிள்ளையை மேடைக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

2012 ஏப்ரலில் லண்டனில் ஆலிவியர் நாடக விருதுகள் வழங்கியபோது, இசைநாடகத்தில் சிறந்த நடிகைக்கான விருதை நான்கு சிறுமிகள் சேர்ந்து வாங்கினார்கள். நால்வரும் 'மட்டில்டா'வின் தலைப்புப் பாத்திரத்தை மாறிமாறி ஏற்றவர்கள். அவர்களில் மெர்சிசைடைச் சேர்ந்த எலனர் வொர்திங்டன்-காக்ஸுக்கு அப்போது வயது 10. அந்த விருதை அவ்வளவு சிறு வயதில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. பிறகு 2014இல் 'மலெஃபிசென்ட்' படத்தில் எட்டு வயது இளவரசியாக வந்தார். 2015இல் வந்த 'தி என்ஃபீல்ட் ஹான்டிங்' தொடருக்காக பாஃப்டா (பிரிட்டிஷ் திரை, தொலைக்காட்சி விருது) பரிந்துரை கிடைத்தது. 2018 முதல் 'பிரிட்டானியா' தொடரில் நடித்தார். 2023இல் டான்மார் அரங்கிலும் அடுத்த ஆண்டு விண்டம்ஸ் அரங்கிலும் 'நெக்ஸ்ட் டு நார்மல்' இசைநாடகத்தில் வளர்ந்த பெண்ணாகப் பாடி நடித்தார்.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, "எங்கள் பிள்ளையும் நன்றாகப் பாடுவாள், எங்கே சேர்ப்பது?" என்று கேட்கிறீர்கள். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு பாத்திரத்துக்கு ஏன் நான்கு பேர்? லண்டனின் நாடக அரங்குப் பகுதியான வெஸ்ட் எண்டில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். பத்து வயதுப் பிள்ளை எட்டையும் தாங்க முடியாது, சட்டமும் விடாது. ஆளுக்கு இரண்டு காட்சி வைத்துத்தான் அந்த நாடகம் ஓடியது. எலனரின் தொழில் 10 வயதோடு முடிந்துபோகாததற்குத் திறமையும் குடும்பமும் எவ்வளவு காரணமோ, இந்தப் பங்கீடும் அவ்வளவு காரணம் என்று இத்துறையில் வேலை செய்யும் நாங்கள் நினைக்கிறோம். அந்தக் காவல் ஒரு தாளில் இருக்கிறது. அதைப் பெரும்பாலான பெற்றோர் கையெழுத்திடுவதோடு மறந்துவிடுகிறார்கள்.

அந்தத் தாள் உங்கள் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) தரும் நடிப்பு லைசென்ஸ். 1963ஆம் ஆண்டின் சிறார் சட்டமும் 2014இல் வந்த விதிகளும் அதன் அடிப்படை. விண்ணப்பிப்பது தயாரிப்பு நிறுவனத்தின் வேலை. ஆனால் அரங்கம் இருக்கும் கவுன்சிலுக்கு அல்ல, பிள்ளை குடியிருக்கும் கவுன்சிலுக்கு. நிகழ்ச்சிக்கு 21 நாளுக்குக் குறைவாக இருந்தால் கவுன்சில் மறுக்கலாம். தாமதம் பெரும்பாலும் வீட்டுப் பக்கத்திலிருந்துதான் வருகிறது: பிறப்புச் சான்றிதழின் பிரதி தேடுவதில், கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்த படம் இல்லாததில், எல்லாவற்றுக்கும் மேலாகத் தலைமை ஆசிரியரின் கடிதத்தில். ஆடிஷனுக்கு அழைப்பு வந்த அன்றே பள்ளியிடம் பேசிவிடுங்கள். வேடம் கிடைத்த பிறகு, அரையாண்டு விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பள்ளி அலுவலகத்தில் போய் நின்றால் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். லைசென்ஸோடு போகும் நாட்கள் வருகைப் பதிவில் அனுமதித்த விடுப்பாகவே பதிவாகும். "உடம்பு சரியில்லை" என்று பொய் சொல்லத் தேவையே இல்லை.

நேரக் கணக்கு வயதைப் பொறுத்தது. ஒன்பது வயதும் அதற்கு மேலும் என்றால் ஒரு நாளில் அரங்கிலோ படப்பிடிப்பிலோ 9½ மணி நேரம் வரை இருக்கலாம்; அதில் நடிப்பும் ஒத்திகையும் சேர்ந்து 5 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ச்சியாக 2½ மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து முதல் எட்டு வயது வரை 8 மணி நேரமும் 3 மணி நேரமும். ஐந்துக்குக் கீழே 5 மணி நேரமும் 2 மணி நேரமும், ஒரே தொடர்ச்சியாக அரை மணிதான். காலை 7 மணிக்கு முன்னும் இரவு 11 மணிக்குப் பின்னும் வேலை இல்லை; மிகச் சிறியவர்களுக்கு இரவு 10. இவை அங்கே இருக்கும் நேரத்துக்கான கணக்கு. ஹாரோவிலிருந்தோ ஈஸ்ட் ஹாமிலிருந்தோ போய்வரும் பயணம் இதில் சேராது. இரவுக் காட்சி முடிந்து கடைசி ரயிலைப் பிடித்து வீடு சேரும் பிள்ளை மறுநாள் முதல் பாடவேளையில் தூங்கிவிழும். காட்சி அட்டவணை கைக்கு வந்ததும் ரயில் அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பள்ளி நாளில் வேலை நடந்தால் குறைந்தது மூன்று மணி நேரப் பாடம் இருக்க வேண்டும். ஓர் ஆசிரியருக்கு ஆறு பிள்ளைகள். எல்லோரும் ஒரே நிலையில் படித்தால் பன்னிரண்டு பேர் வரை. பள்ளியிலிருந்து பாடத்தாள் போகாவிட்டால் அந்த மூன்று மணி நேரம் வண்ணம் தீட்டுவதில் கழியும்.

அடுத்தது ஷாப்பரோன், அதாவது பிள்ளையை உடனிருந்து பார்த்துக்கொள்பவர். எங்கள் வீடுகளில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் இதுதான். பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ போகலாம், அவர்களுக்குத் தனி லைசென்ஸ் வேண்டாம். அம்மம்மா போக முடியாது. மாமி, சித்தப்பா, பக்கத்து வீட்டு அன்ரி யாரும் போக முடியாது, அவர்கள் கவுன்சிலிடம் ஷாப்பரோன் அனுமதி வாங்கியிருந்தால் ஒழிய. பள்ளிக்குக் கூட்டிப்போகும் அதே அம்மம்மாவை அரங்கின் மேடைவாசலில் நிறுத்திவிடுவார்கள், கோபித்துப் பயனில்லை. அனுமதி பெற்ற ஷாப்பரோன் ஒரே சமயத்தில் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது. அவருக்கு வேறு வேலையும் கொடுக்கக் கூடாது. முடி அலங்காரம் செய்துகொண்டே பிள்ளை பார்ப்பவரைக் கண்டால் கேள்வி கேளுங்கள்.

லைசென்ஸ் தேவைப்படாத ஒரு வழியும் உண்டு. கடந்த ஆறு மாதத்தில் பிள்ளை மூன்று நாளுக்கு மேல் மேடை ஏறவில்லை, சம்பளம் இல்லை, பள்ளிக்கு விடுப்பும் இல்லை என்றால் விலக்கு. வெஸ்ட் எண்டுக்கு மட்டும்தான் இந்தக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நுழைவுக்குக் கட்டணம் வாங்கும் எந்த நிகழ்ச்சியும் கணக்கில் வரும். உங்கள் சங்கத்தின் கலைவிழாவும் நடன வகுப்பின் ஆண்டு விழாவும் சேர்த்துத்தான். வார நாள் பள்ளி நடத்தும் விழாவுக்கு விலக்கு உண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி அந்த வகையில் அடங்காது. பிள்ளைகளைக் கொண்டு அடிக்கடி நிகழ்ச்சி நடத்தும் அமைப்புகள், சம்பளம் கொடுக்காத பட்சத்தில், கவுன்சிலிடம் அமைப்புக்கான ஒரே அனுமதியைப் பெற்றுக்கொள்ளலாம். லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் அபராதம் மட்டுமல்ல, மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் உண்டு. சங்கச் செயலாளர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

இனிப் பாட்டு. கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளைகளுக்குத் தாளமும் நினைவாற்றலும் பெரிய பலம். ஆடிஷனில் தடுமாறுவது வேறு காரணங்களால். நம் பிள்ளைகள் ஐந்து, ஐந்தரைக் கட்டை சுருதியில் நெஞ்சுக் குரலில் பாடிப் பழகியவர்கள். சுருதி அவர்கள் வசதிக்கு அமையும். இசைநாடகத்தில் வாத்தியக் குழுவின் பிரதி முன்பே எழுதி முடிந்தது, சுருதி மாறாது. உச்சத்தில் வரும் சுரங்களை அதே நெஞ்சுக் குரலில் தள்ளிப் பாடினால் முதல் நாள் கம்பீரமாகக் கேட்கும், மூன்றாம் வாரம் தொண்டை கட்டும். மேல் சுரங்களுக்கான தலைக் குரலையும் இரண்டும் கலந்த குரலையும் ஆடிஷனுக்கு வெகு முன்பே தனியாகப் பயில வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு சுரத்தையும் கீழிருந்து வழுக்கி எட்டும் பழக்கம். அங்கே கேட்பவர்களுக்கு வார்த்தை முதலில் வேண்டும், அதுவும் கடைசி மெய்யெழுத்து வரை.

பெரும்பாலும் 16 அல்லது 32 பார் (இசைத்தாளில் கோடிட்டுப் பிரித்த தாளக் கூறு) மட்டும் பாடச் சொல்வார்கள். பியானோ வாசிப்பவருக்கான இசைத்தாளைப் பிள்ளையின் சுருதியிலேயே அச்சிட்டு, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தடித்த பேனாவால் குறித்து, வளையக் கோப்பில் போட்டுக் கொடுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் உறை வேண்டாம். விளக்கொளி பட்டு வாசிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. தாள் தாளாகப் பிரிந்து கிடப்பதும் வேண்டாம், பாதிப் பாட்டில் ஒன்று தரையில் விழும். வேகத்தை வாயால் சொல்வதைவிட முதல் இரண்டு பாரைப் பிள்ளை மெதுவாகப் பாடிக் காட்டுவது நல்லது.

செல்ஃப் டேப் (வீட்டிலேயே எடுத்து அனுப்பும் ஆடிஷன் வீடியோ) என்றால் போனைப் படுக்கையாக வைத்து, வெறும் சுவருக்கு முன், மார்பளவு தெரிய எடுங்கள். எதிர் வசனம் படிப்பவர் கேமராவுக்கு ஒட்டினாற்போல் பக்கத்தில் நின்று, பிள்ளையைவிடத் தாழ்ந்த குரலில் படிக்க வேண்டும். அப்பாவின் நடிப்பு பிள்ளையின் நடிப்பை மூழ்கடித்த டேப்புகள் ஏராளம். உயரத்தைச் செருப்பில்லாமல் அளந்து உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளை வேடங்களுக்கு உயர வரம்பு இருக்கும், நேரில் போனால் சுவரில் நிறுத்தி அளப்பார்கள்.

பெண் பிள்ளைகளின் குரலும் உடைகிறது, ஆண் பிள்ளைகளுடையதைப் போல வெளியே தெரியாது, அவ்வளவுதான். பருவம் எய்தும் காலத்தில் குரலில் காற்று கலக்கும், நடு சுரங்களில் வெடிப்பு வரும். அது பயிற்சிக் குறைவு அல்ல. அந்த மாதங்களில் சத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். ஒத்திகையில் பாதிக் குரலில் பாட அனுமதி கேட்கலாம். கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் குடும்ப மருத்துவரிடம் (ஜிபி) போங்கள், கற்கண்டு போதாது.

பணத்தில் சட்டம் கை விரித்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் பிள்ளையின் சம்பாத்தியத்தைக் காக்கும் சட்டம் 1939 முதல் உண்டு; அதில் 15 சதவீதத்தைப் பூட்டிய கணக்கில் போட வேண்டும் என்பது 2000 முதல் கட்டாயம். இங்கிலாந்தில் அப்படிக் கட்டாய விகிதம் கிடையாது. கவுன்சில் விரும்பினால் லைசென்ஸில் நிபந்தனை போடலாம். நீங்களே கேட்டு அந்த நிபந்தனையைப் போடவைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிள்ளைக்கும் தனி வரிவிலக்கு வரம்பு உண்டு, இப்போது ஆண்டுக்கு 12,570 பவுண்டு. ஜூனியர் ஐஎஸ்ஏ என்ற, பிள்ளைகளுக்கான வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை போடலாம். 18 வயதுக்கு முன் யாரும் எடுக்க முடியாது, பெற்றோர் உட்பட. ஏஜென்ட் சம்பாத்தியத்தில் 15 முதல் 20 சதவீதமும் அதன் மேல் வாட் வரியும் எடுப்பார். வேலை கிடைக்குமுன் பணம் கேட்பவரை, படம் எடுக்க இந்த ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும் என்பவரை விட்டு விலகுங்கள்.

பாட்டு வெளியிடும் நிறுவனத்தின் ஒப்பந்தம் வந்தால், 'ஆப்ஷன்' என்ற சொல்லைத் தேடுங்கள். அந்த உரிமை அநேகமாக நிறுவனத்துக்குத்தான் இருக்கும்: அடுத்த ஆல்பம் வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள், பிள்ளை கட்டுண்டு கிடப்பாள். சிறாரின் ஒப்பந்தம் மொத்தத்தில் அவருக்கு நன்மையாக இருந்தால்தான் செல்லும் என்பது ஆங்கிலேயச் சட்டத்தில் பழைய விதி. 1890இல் தீர்ப்பான ஒரு வழக்கில், 14 வயதுச் சிறுமியை நடனம் கற்க ஏழு ஆண்டு கட்டிப்போட்டிருந்தார்கள். திருமணம் கூடாது, ஆசிரியர் வேலை தராவிட்டால் சம்பளமும் இல்லை. அந்த ஒப்பந்தம் செல்லாது என்றது நீதிமன்றம். ஆனாலும் வழக்காடி வெல்வதைவிட, கையெழுத்துக்கு முன் இசைத்துறை வழக்கறிஞருக்கு ஒருமுறை கட்டணம் கொடுப்பது மலிவு.

சிறுவயதில் கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்ற அவசரமும் வேண்டாம். தமிழ்ப் பெற்றோரின் மகளான நடிகை சிமோன் ஆஷ்லி, ரெட்ரூஃப்ஸ் நாடகப் பள்ளியில் படித்து, தொலைக்காட்சியில் சிறு வேடங்கள் செய்து, அவர் நாயகியாக வந்த 'பிரிட்ஜர்ட்டன்' தொடரின் இரண்டாம் பருவம் 2022 மார்ச்சில் வெளியானபோது 27ஐ எட்டிக்கொண்டிருந்தார். அதில் அவருக்குத் தங்கையாக வந்த சரித்ரா சந்திரன் ஆக்ஸ்ஃபோர்டில் தத்துவமும் அரசியலும் பொருளியலும் படித்து முடித்தவர். குரோய்டனிலுள்ள பிரிட் கலைப் பள்ளியில் 14 வயதிலும் 16 வயதிலும் சேரலாம், கட்டணம் இல்லை.

16 வயதாகும் கல்வியாண்டின் ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையோடு லைசென்ஸ் காவல் முடிகிறது. அதன்பின் ஷாப்பரோன் இல்லை, லைசென்ஸின் நேர வரம்பு இல்லை, படப்பிடிப்பில் ஆசிரியர் இல்லை. ஆனால் 18 வரை ஏதோ ஒரு படிப்பிலோ பயிற்சியிலோ இருந்தாக வேண்டும். நீண்ட படப்பிடிப்புக்கு ஒப்புக்கொள்ளும்போது வேலை நேரம், தங்குமிடம், உடன் வருபவர், தேர்வு நாட்கள் ஆகியவற்றை இனி ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க வேண்டும்.

வெளிநாட்டுக்கு மட்டும் 18 வயது வரை வேறு விதி. லாபத்துக்காக நடத்தும் நிகழ்ச்சியில் பாடவோ நடிக்கவோ பிள்ளையை நாட்டுக்கு வெளியே அனுப்ப, கவுன்சில் லைசென்ஸ் போதாது, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் லைசென்ஸ் வேண்டும். சென்னைத் தொலைக்காட்சிகளின் பாட்டுப் போட்டிகளுக்கு இங்கிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகிறீர்கள். விமான டிக்கெட் எடுக்கும் முன் கவுன்சிலின் சிறார் வேலைவாய்ப்பு அலுவலரை அழைத்து, உங்கள் நிகழ்ச்சிக்கு அது தேவையா என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் மேடை லைசென்ஸ், குரல், ஆடிஷன் பணிகளில் இருப்போர்