நாட்காட்டியின் பின்பக்கத்தில் இருந்த கடவுச்சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, படுவான்கரையில் ஒரு கமக்காரர் சங்கத்துக்கு நெல் கொள்வனவுக் கணக்கு எழுதுகிறேன். அலுவலகத்தில் இருப்பது ஒரே கணினி, உபுண்டு என்ற இயங்குதளம் போட்டது. ஐந்து பேரும் ஒரே பெயரில்தான் உள்ளே போவோம். கடவுச்சொல் சுவர் நாட்காட்டியின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. பெரும்போக நெல் வந்து குவிந்த நேரத்தில் எடைப் பதிவேடு காணாமல் போனது. யார் அழித்தது? கணினியைக் கேட்டால் நாங்கள் ஐவரும் ஒருவர்தான். துண்டுச் சீட்டுகளைப் பார்த்து மூட்டை மூட்டையாக மறுபடி பதிய மூன்று இரவுகள் போயின.

திருத்த வந்த தம்பி ஆளுக்கொரு பெயர் உருவாக்கித் தந்தார். நல்லது. ஆனால் கோப்புறைக்கு 777 என்று உரிமை கொடுத்துவிட்டுப் போனார். கணினிக்குள் வரும் எவரும் படிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். பூட்டை மாற்றிவிட்டுச் சுவரை இடித்த வேலை!

அதன்பின் நானே படித்தேன். உபுண்டு போல, யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த கணினிகளில் ஒரு கோப்பை உரிமையாளர், குழு, மற்றோர் என்று மூன்று தரப்பாகப் பார்ப்பார்கள். நாங்கள் அந்த நடுத் தரப்பைத் தொட்டதே இல்லை. குரூப்ஆட் கட்டளையால் நெல் கணக்குக்கு ஒரு குழு உண்டாக்கி, கோப்புறையை அதன் பேருக்கு மாற்றி, 2770 கொடுத்தேன். உரிமையாளருக்கும் குழுவுக்கும் முழு உரிமை, மற்றோருக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் 770. முன்னால் நிற்கும் அந்த 2 முக்கியம். அது இல்லாவிட்டால் புதிய கோப்பு, எழுதியவருடைய சொந்தக் குழுவுக்கே போய்ச் சேரும்.

என் தவறையும் சொல்ல வேண்டும். ஆட்களைக் குழுவில் சேர்க்கும் யூசர்மொட் கட்டளையில் பெரிய ஜீ எழுத்துக்கு முன் சிறிய ஏ எழுத்து வரவேண்டும். நான் அதை விட்டுவிட்டேன். புதுக் குழுவில் சேர்ந்தேன். ஆனால் பழைய துணைக் குழுக்கள் எல்லாவற்றிலிருந்தும் விலக்கப்பட்டேன், நிர்வாக உரிமை தரும் சூடோ குழு உட்பட. வெளியேறி மீண்டும் நுழைந்த பிறகுதான் தெரிந்தது. மீட்பு முறையில் கணினியை இயக்கித்தான் தப்பினேன்.

நம் பகுதிக் கணினி வகுப்புகளில் தட்டச்சுக்கு மாதக்கணக்கில் நேரம் ஒதுக்குகிறார்கள். குழுக்களுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கக் கூடாதா? பொதுக் கணினி வைத்திருக்கும் சங்கங்களுக்கு இது அன்றாடத் தேவை. போன மாதம் எங்களில் ஒரு பிள்ளை உரப் பகுதிக்கு மாறினார். நெல் குழுவிலிருந்து அவரை நீக்க ஜிபாஸ்வுட் கட்டளையில் ஒரு வரி போதுமாக இருந்தது. மற்ற நால்வரின் கடவுச்சொல்லைத் தொட வேண்டியிருக்கவில்லை.

இப்படிக்கு,
நெல் கணக்கு எழுதுபவர்,
வெல்லாவெளி.