நிழல்வலையில் ஒரு வகுப்பு: என் பேராசிரியருக்கு

அன்புள்ள சார்,

வணக்கம். கோத்தகிரியில் இரண்டு நாளாக மழை விடவில்லை. கரண்ட் வந்து வந்து போகிறது, இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

போன கோடையில் வந்தபோது எங்கள் பக்கத்து நர்சரியில் நின்றீர்களே, நினைவிருக்கிறதா? நாற்றுகளுக்கு மேலே கட்டும் பச்சை நிழல்வலையில் மிச்சம் கிடந்த இரண்டு துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மேல் துண்டை மட்டும் லேசாகத் திருப்பினீர்கள். சின்னக் கண்ணிகளுக்கு மேல் பெரிய பெரிய கட்டங்கள் மிதந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் அவை சுருங்கின. எம்.எஸ்சி.யில் உங்களிடம் சமன்பாடுகளைப் படித்தேன். அவற்றுக்கான படம் எனக்கு அன்றுதான் கிடைத்தது.

அந்தத் துண்டுகளை இந்த வாரம் பன்னிரண்டாம் வகுப்புக்கு எடுத்துப்போனேன். பென்சிலில் தொடங்கினேன். கிராஃபைட் என்பது கார்பன் தாள்களின் அடுக்கு, அதில் ஒரே ஒரு தாள்தான் கிராஃபீன். இரண்டு தாள்களைச் சுமார் 1.1 டிகிரி திருப்பி அடுக்கினால், கார்பன் அணுக்கள் பின்னிய கண்ணியைப் போல ஐம்பது மடங்கு பெரிய கட்டங்கள் உண்டாகின்றன. அங்கே எலக்ட்ரான்கள் வேகம் குறைந்து ஏறக்குறைய நின்றேவிடும். ஓடும்போது ஒன்றையொன்று பெரிதாகப் பொருட்படுத்தாதவை, மெதுவானதும் பொருட்படுத்தத் தொடங்குகின்றன.

இந்த மெதுவை 2011-இல் பிஸ்ட்ரிட்சர், மெக்டொனால்ட் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டே சொல்லிவிட்டார்கள் என்றதும் பிள்ளைகள் நம்பவில்லை. 2018-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரியோ-எரேரோ குழு செய்து பார்த்தபோது, 1.7 கெல்வினுக்குக் கீழே எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து ஓடின, மின்தடையே இல்லை. தலைக்குந்தாவில் ஜனவரி உறைபனிக்கே பல் தந்தியடிக்கிறது, அதுவே 273 கெல்வின் என்றேன். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அப்புறம் ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், எலக்ட்ரான் ஒன்னையொன்னு தள்ளும்னுதானே ஜூன்ல சொன்னீங்க? ஜோடி சேந்துதான் தடையில்லாம ஓடுதுங்கறீங்க. எப்படிச் சேரும்?"

சாதாரண உலோகத்துக்கு 1957-இல் வந்த விளக்கத்தைச் சொன்னேன். ஓடும் எலக்ட்ரான் அக்கம்பக்கத்து அயனிகளைச் சற்று இழுக்கிறது, அந்த நெருக்கத்தின் நேர்மின்னூட்டம் அடுத்த எலக்ட்ரானை ஈர்க்கிறது. அவள் விடவில்லை. "திருப்பின கிராஃபீன்லயும் அதேதானா?"

அது இன்னும் முடிவாகவில்லை, வாதம் நடந்துகொண்டிருக்கிறது என்றேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை சார். விடை தெரியாத கேள்விகளைக் கரும்பலகையின் மூலையில் கட்டம் கட்டி, வாரக்கணக்கில் அழிக்காமல் வைத்திருப்பீர்களே. அதே மாதிரி கட்டம் கட்டி, அவள் கேள்வியை அவளையே எழுதச் சொன்னேன்.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் வர முடியுமா? மேட்டுப்பாளையத்தில் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் இரண்டாவது பீரியடுக்கு வந்துவிடலாம். ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். கட்டத்தை அதுவரை யாரையும் அழிக்க விடமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி