தீயின் நடுவே ஒரு குரல்

ஆசிரியருக்கு,

காட்டுத் தீ பற்றிய செய்தி என்றாலே விமானம் செந்நிறக் கலவையைக் கொட்டும் படம்தான் வருகிறது. மலைச்சரிவில் நிற்கும் தீயணைப்பு வீரரின் மார்புப் பட்டையில் தொங்கும் வாக்கி டாக்கியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் உயிர் அதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரே தீக்குப் பல சேனல்கள் உண்டு. பக்கத்துக் குழுவுடன் பேச ஒன்று, மலையுச்சி ரிப்பீட்டர் (வரும் அலையை வாங்கி வலுவாக மறுபடி அனுப்பும் கருவி) வழியே தலைமையை எட்ட ஒன்று, தரைக்கும் விமானத்துக்கும் இடையே ஒன்று. இவை போக, விமானங்களுக்கான அவசர அலைவரிசை 168.625 மெகாஹெர்ட்ஸ். கண்ணில் புகை எரிய, கையுறை மாட்டிய விரலால் குமிழைத் திருப்பிச் சரியான சேனலைப் பிடிக்க வேண்டும். ரிப்பீட்டரைத் திறக்கும் டோன், அதாவது பேச்சோடு சேர்ந்து போகும் அடையாள ஒலி, தவறாகப் பதிவாகியிருந்தால் அவர் கத்துவது தலைமைக்கு எட்டாது. குறுக்கே மலைமுகடு நின்றால் நேரடிப் பேச்சும் அறுந்துபோகும்.

2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலைத் தீயில் 19 வீரர்கள் மாண்டார்கள். சில ரேடியோ கருவிகளில் டோன் சரியாகப் பதிவாகவில்லை என்று விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. அந்தக் குழுவின் கடைசி நேரத்தில் அரை மணிக்கும் மேலாக என்ன நடந்தது என்பதற்குத் தகவலே இல்லை. சாவுக்கு டோன் கோளாறுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த மௌனம் என்னை உலுக்குகிறது.

வெளியிடங்களிலிருந்து குழுக்கள் வந்து சேரும்போது, அன்றைய சேனல் பட்டியலை எல்லாக் கருவிகளிலும் ஏற்றி, ஒவ்வொருவரும் அழைத்துப் பதில் கேட்ட பிறகே சரிவில் இறங்க வேண்டும். அந்தச் சில நிமிடங்களை எந்த அதிகாரியும் மிச்சம் பிடிக்கக் கூடாது.

- ஒரு வாசகர்