நாடகத் தட்டு அல்ல, பாடகியின் தட்டு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கப் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டின் ‘தி பிராட்வே ஆல்பம்’ இசைத்தட்டை போன மாதம் வாங்கிய இரண்டு பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். தட்டில் ஒரு கீறல் இல்லை. “நாடகம் எங்கே? ஒரே அம்மாதான் கடைசிவரை பாடுகிறார்” என்பதுதான் குறை. தப்பு எங்களுடையது. 1964இல் அவர் நடித்த ‘ஃபன்னி கேர்ள்’ நாடகத் தட்டுக்குப் பக்கத்திலேயே இதையும் சொருகிவிட்டோம்.

நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் ஒரு இசை நாடகம் நன்றாக ஓடினால், மேடையில் நடித்தவர்களையே பாடவைத்துத் தட்டு போடுவார்கள். கேட்டால் கதை ஓரளவு பிடிபடும். 1985இல் வந்த இந்த ஆல்பம் வேறு ரகம். பல நாடகங்களின் பாட்டுகளைப் பொறுக்கியெடுத்து ஒரே பாடகி தன் போக்கில் பாடியது. ‘ஷோ போட்’ 1927இல் மேடையேறிய நாடகம். அதன் பாட்டு ஒன்றுக்கு இதில் பாடகர் ஸ்டீவி வொண்டர் ஹார்மோனிகா (மவுத் ஆர்கன்) வாசிக்கிறார்!

வித்தியாசம் நன்றாகத் தெரிவது ‘சென்ட் இன் த க்ளவுன்ஸ்’ பாட்டில். 1973இல் ‘எ லிட்டில் நைட் மியூசிக்’ நாடகத்துக்காக ஸ்டீபன் சோண்ட்ஹைம் எழுதியது. அதில் நடித்த க்ளினிஸ் ஜான்ஸுக்கு இனிய குரல், ஆனால் நீட்டிப் பாட மூச்சு நிற்காது. அதனால் சோண்ட்ஹைம் வரிகளைக் கேள்வி கேட்பதுபோலச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தார். ஸ்ட்ரைசாண்டுக்கு மூச்சுக்கு என்ன பஞ்சம்? இழுத்துப் பாடுகிறார். அவர் கேட்டுக்கொண்டதால் சோண்ட்ஹைம் புதிதாகச் சில வரிகளும் எழுதிக் கொடுத்தார். எது உசத்தி என்ற சண்டை எங்கள் கடையில் இன்னும் ஓயவில்லை. என் ஓட்டு ஜான்ஸுக்கு.

அப்புறம், இந்த ஆல்பத்தின் முதல் பாட்டில் ஆண்குரல்கள் சில குறுக்கே வந்து அலுத்துக்கொள்ளும். தட்டில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். வேறொரு நாடகத்தில் கலைஞன் ஒருவன் பாடும் பாட்டை ரெக்கார்டு வியாபாரத்துக்குப் பொருந்துகிற மாதிரி சோண்ட்ஹைமே மாற்றி எழுதினார். ‘இதெல்லாம் விற்காது’ என்கிற கம்பெனிக்காரர்களின் குரல்கள் அவை. விற்றதா? அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம்.

சரி, விஷயத்துக்கு வருகிறோம். நாடகத் தட்டு என்று நம்பி வாங்கியவர்கள் பில் இல்லாவிட்டாலும் கொண்டுவரலாம். மாற்றித் தருகிறோம், அல்லது பணத்தைத் தருகிறோம். இனி இது பாடகர்கள் அடுக்கில் ‘எஸ்’ வரிசையில் இருக்கும். சந்தேகம் இருந்தால் கடையிலேயே ஊசியை வைத்து இரண்டு பாட்டு கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இசைத்தட்டுக் கடைக்காரர்