கத்தி தரைத்தளத்தில், உறை மூன்றாம் தளத்தில்: காப்பாட்சியருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய காப்பாட்சியர் அவர்களுக்கும் காட்சிக்கூடப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் ஐரோப்பிய உணவுமேசைக் கூடத்தைப் பற்றி நான் எழுதும் மூன்றாவது மடல் இது. முந்தைய இரண்டும் கிடைத்ததாக ஒப்புகை அனுப்பினீர்கள், அதற்கு நன்றி. சென்ற சனிக்கிழமை பதினோரு தமிழ்ப் பார்வையாளர்களை அழைத்து வந்தபோதும், 17ஆம் நூற்றாண்டின் லண்டன் மணமகள் ஒருத்திக்குப் பரிசாக வந்த இரட்டைக் கத்திகள் தரைத்தளத்திலும், அவற்றுக்கென்றே செய்த பூத்தையல் உறை மூன்றாம் தளத்துத் துணிக் கூடத்திலுமே இருந்தன. மின்தூக்கி பழுது. முழங்கால் வலியோடு படியேறிய அம்மையார் ஒருவர் உறையின் முன் நின்றபோது, கத்தியின் பிடி எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டார்.

நீங்கள் அறியாததன்று: அக்காலத்தில் விருந்துக்கு அழைத்தவர் கத்தி தருவது வழக்கமில்லை, விருந்தினரே தத்தம் கத்தியோடு வந்தனர். தட்டின்மேல் இருந்த நேரத்தைவிட இடுப்பில் தொங்கிய நேரம் அதிகம் என்பதால்தான், இறைச்சியை அறுக்கும் அலகைக் காட்டிலும் ஊரார் கண்ணில் படும் பிடிக்கும் உறைக்கும் தந்தமும் அம்பர் என்னும் இறுகிய மரப்பிசினும் வெள்ளியும் பட்டும் செலவழிக்கப்பட்டன. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 1607ஆம் ஆண்டைச் சேர்ந்த 14 கத்திகளின் தந்தப் பிடிகளில் இங்கிலாந்தின் ஆட்சியாளர்கள் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ரொட்டி அறுக்க இத்தனை அரசர்கள் வேண்டியதில்லை. பின்னாளில் வீட்டுக்காரரே ஒரே மாதிரியான கத்தி, கரண்டி, முள்கரண்டிகளை மேசையில் பரப்பத் தொடங்கியதும் பெருமை விருந்தினர் இடுப்பைவிட்டு வீட்டுக்காரர் மேசைக்கு இடம் மாறியது; உறைக்கும் வேலையற்றுப் போயிற்று. இந்த வரலாறு முழுவதும் உறையில் இருக்கிறது. உங்கள் குறிப்போ ‘கத்திகள் இரண்டு, எஃகு, தந்தம்’ என்கிறது. சமையலறைச் சாமான் பட்டியல்கூட இதைவிடச் சற்று விரிவாக இருக்கும்.

உங்கள் விற்பனையகத்தில் தாள் வெட்டும் போலிக் கத்தி ஒன்று, உறையோடு சேர்த்தே விற்கப்படுகிறது என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். விலைச்சீட்டு ஒட்டுபவருக்கு விளங்கியது கூடத்தை அமைத்தவர்களுக்கும் விளங்கியிருக்கலாம்.

கடுஞ்சொல்லைப் பொறுத்தருள்க. கேட்பது ஒன்றே: கத்திகளையும் உறையையும் ஒரே பேழையில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் பட்டுநூல் மங்கிவிடும் என்பது தடையானால், அந்தப் பேழையின் விளக்கைக் குறைத்துவிடுங்கள். நாங்கள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொள்கிறோம்.

பணிவன்புடன்,
உங்கள் பார்வையாளர்களுள் ஒருவன்